நாலாவது பட்டை

விமானம் ஓட்டுகிறவர்களில் கேப்டனுக்குத் தோளில் நாலு பட்டை, பக்கத்தில் உட்காரும் கோ-பைலட்டுக்கு மூன்று. கேப்டன் இடது பக்கத்து சீட்டில் உட்காருவார், கோ-பைலட் வலது பக்கம். விமானம் இரண்டு பேரையும் ஒரே உயரத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு போகிறது. ஆனாலும் அந்த ஒரு பட்டைக்காக மனிதர்கள் என்ன பாடு படுவார்கள் என்பதை நம் கேப்டன் வீட்டில் ஒரு வருஷம் இருந்து பார்த்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பு தாங்காது. அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு மட்டும் அப்போது சிரிப்பு வரவில்லை.

கேப்டனின் மனைவிக்கு ஓர் அண்ணன். அவரும் விமானிதான். வயதிலும் மூத்தவர், வேலையில் சேர்ந்த தேதியிலும் மூத்தவர். தோளில் மட்டும் மூன்றே பட்டை. ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் அவர் மேலே, கேப்டன் கீழே என்று குடியிருந்தார்கள். அவர் இவரை மாப்பிள்ளை என்பார், இவர் அவரை மச்சான் என்பார். வழக்கு வரும் வரைக்கும் ஒருவர் வீட்டுக் காபியை இன்னொருவர் குடிக்காத நாள் கிடையாது.

இருவரும் வேறு வேறு கம்பெனிகளில் இருந்தார்கள். மச்சானுடையது பெரிய கம்பெனி, பழைய கம்பெனி, நீல டை. அங்கே யாரும் ஓய்வு பெறுவதுமில்லை, உடம்புக்கு முடியாமல் படுப்பதுமில்லை. கேப்டன் சீட் காலியாவதற்குள் கோ-பைலட்டுகளுக்குத் தலை வழுக்கையாகிவிடும். கேப்டனுடையது சின்னக் கம்பெனி, சிவப்பு டை. அதில் சேரப் போகிறேன் என்று இவர் சொன்ன அன்று மச்சான் வயிறு குலுங்கச் சிரித்து, அந்தக் கம்பெனி ஆறு மாதம் தாங்காது, அப்புறம் என்னிடம் வந்து நிற்காதீர்கள் என்றார். கம்பெனி தாங்கியது. ஆள் பற்றாக்குறையில் மீசை முளைத்தவனையெல்லாம் அங்கே கேப்டன் ஆக்கினார்கள் என்று நீல டைக்காரர்கள் சொல்லித் திரிந்தார்கள். அது வெறும் பொறாமை. நம் கேப்டனுக்கு மீசையே கிடையாது.

பிறகு ஒரு நாள் இரண்டு கம்பெனி முதலாளிகளும் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கம்பெனிகள் ஒன்றாகிவிட்டன. முதலாளிகள் கட்டிப்பிடித்தது போதும் என்று நினைத்தார்களோ என்னவோ, விமானிகளில் யார் மூத்தவர் என்பதை முடிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள். வேலையில் சேர்ந்த தேதிதான் கணக்கு என்றது நீலம். கம்பெனிகள் சேர்ந்த அன்று தோளில் எத்தனை பட்டை இருந்ததோ அதுதான் கணக்கு என்றது சிவப்பு. நீலம் நீதிமன்றம் போனது. மூன்று பட்டைக்காரர்களிலேயே மிகப் பழைய தேதி மச்சானுடையது என்பதால், அவரை முன்னால் தள்ளி முதல் வாதியாக நிறுத்தினார்கள். வழக்குக்கே அவர் பெயர்தான்.

நீலம் ஜெயித்தால் மச்சானுக்கு நாலாவது பட்டை வரும். நம் கேப்டனுடைய நாலாவது பட்டை போய்விடும், வலது பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தப் பட்டையின் மேல் கேப்டனுக்கு இருந்த பிரியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வைக்காத மனிதர், சீருடைச் சட்டையை மட்டும் யாரையும் தொட விடாமல் தானே இஸ்திரி போடுவார். பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்துக்கும் பட்டையோடு போயிருக்கிறார். மறுபடி மூன்று பட்டையோடு மாடிப்படியில் மச்சானுக்கு எதிரில் போய் நிற்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதுக் கம்பெனி எல்லோருக்கும் சாம்பல் நிற டை கொடுத்தது. உடனே விமானிகள் பழைய நிறத்தைக் காலுறையில் கொண்டுவந்துவிட்டார்கள். ஓய்வறைக்குள் நுழைகிறவர்கள் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்வதை நிறுத்தி, முதலில் குனிந்து காலைப் பார்த்தார்கள். வெந்நீர்க் கெட்டில் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு வந்தது. சிவப்புக் கெட்டிலில் கொதித்த தண்ணீரை நீலக்காரர் ஒருவர் ஊற்றிவிட்டார் என்று அரை நாள் பஞ்சாயத்து நடந்தது. தண்ணீர் ஒரே குழாயிலிருந்து வருகிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொன்னால் குழாய்க்கும் வழக்கு போட்டிருப்பார்கள்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு கூத்து நடந்தது. காக்பிட்டில் எதிர் அணி ஆளோடு உட்கார நேர்ந்தால், செக்லிஸ்ட் புத்தகத்தில் அச்சாகியிருப்பதை மட்டுமே பேச வேண்டும் என்று நீலச் சங்கம் தீர்மானம் போட்டது. மறுநாளே அதே தீர்மானத்தை ஒரு வரி மாற்றாமல் சிவப்புச் சங்கமும் போட்டது. அந்த ஒரு விஷயத்தில் நல்ல ஒற்றுமை. ஒருவர் "ஃபிளாப்" என்று வாசிப்பார், மற்றவர் இறக்கையின் அந்த மடிப்புப் பலகை இருக்கும் நிலையைச் சொல்வார். அதோடு சரி. ஏசியைக் குறைக்க வேண்டுமென்றால் கேப்டன் மணியடித்துப் பணிப்பெண்களின் தலைவியைக் கூப்பிடுவார். அந்த அம்மாள் பயணிகளைக் குழந்தைகளை அதட்டுவது போல அதட்டுவதால் டீச்சர் என்று பெயர். அவர் கதவைத் திறந்து வந்து, முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்கும் கோ-பைலட்டிடம் கேப்டனுக்குக் குளிருகிறதாம் என்பார். தனக்கு வேர்க்கிறது என்பார் கோ-பைலட். டீச்சர் திரும்பி நின்று அதைக் கேப்டனிடம் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு இதையெல்லாம் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கப் போவதாக அவர் வெளிப்படையாகவே மிரட்டி வந்தார்.

கேப்டனும் மச்சானும் ஒரே விமானத்தில் மாட்டாதபடி அதுவரை எப்படியோ தப்பித்து வந்தார்கள். ஒரு நாள் காலையில் கேப்டனோடு பறக்க வேண்டிய கோ-பைலட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாற்றாக வந்து நின்றவரின் காலுறை நீலமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் மச்சான்.

விமானம் ஏறி நிலைக்கும் வரை புத்தகத்தில் உள்ளதைப் பேசினார்கள். அது முடிந்ததும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள். வெளியே பார்ப்பதற்கு மேகம்கூட இல்லை.

டீச்சர் சாப்பாட்டைக் கொண்டுவந்தார். இரண்டு விமானிகளும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது. ஒன்று கெட்டுப்போயிருந்தாலும் இன்னொருவர் தெம்பாக இருந்து விமானத்தை இறக்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி. அதனால் ஒரு தட்டில் காரமான கோழி, இன்னொன்றில் வெறும் காய்கறியும் சாதமும். முதலில் தேர்ந்தெடுப்பது கேப்டனின் உரிமை. மச்சானுக்கு வயிற்றில் புண், காரம் ஆகவே ஆகாது என்பது கேப்டனுக்குத் தெரியும். அந்தப் புண்ணுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். கேப்டனுக்குக் காய்கறி என்றால் பிடிக்காது. இருந்தும் கையை நீட்டிக் காய்கறித் தட்டை எடுத்துக்கொண்டார். டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோழியை மச்சான் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

மச்சான் கோழியை மூடி வைத்துவிட்டு, கூட இருந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார். அதைப் பார்க்கப் பார்க்கக் கேப்டனுக்குக் காய்கறி தொண்டைக்குள் இறங்க மறுத்தது. செய்தது அற்பத்தனம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் தட்டைத் திருப்பிக் கொடுத்தால் வழக்கையே விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று வீம்பு பிடித்து உட்கார்ந்திருந்தார்.

தீர்மானத்தை மச்சான்தான் முதலில் மீறினார்.

"என் வயிறு உங்களுக்குத் தெரியாதா மாப்பிள்ளை?"

"புத்தகத்துல இல்லாததைப் பேசக் கூடாதுன்னு முதல்ல தீர்மானம் போட்டது உங்க சங்கம்" என்றார் கேப்டன். சொல்லிவிட்டு, இனி ஒரு வாய்கூட இறங்காது என்று தெரிந்து, தட்டைச் சீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கோபமாகச் செருகினார். அங்கே ஒரு கை மைக் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டின் விளிம்பு அதன் பொத்தானை நன்றாக அழுத்திக்கொண்டு நின்றது. அதில் பேசினால் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும், அந்தப் பக்கமாகப் பறக்கிற எல்லா விமானங்களுக்கும் கேட்கும். இதை இருவரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு மடை திறந்துகொண்டது. ஆறு மாதம் தாங்காது என்று சிரித்தவர் இன்று எந்த முகத்தோடு என் சீட்டைக் கேட்கிறீர்கள் என்றார் கேப்டன். நேற்று வந்தவன் கேப்டனாக முன்னால் போக, நான் உன் பெட்டிக்குப் பின்னால் நடக்க வேண்டுமா என்று மச்சான் ஒருமையில் இறங்கினார். உடனே தங்கையின் புருஷன் என்பது நினைவு வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, மரியாதையோடு திட்டத் தொடங்கினார். கடன் வாங்கிய ஏணி, இரவல் போன கார், போன வருஷம் அலமாரியைத் தூக்கும்போது யார் பாதியில் விட்டது என்பதெல்லாம் வெளியே வந்தது. அவ்வளவும் சுத்தமாக, இரைச்சல் இல்லாமல், பல நூறு மைல் சுற்றளவுக்கு ஒலிபரப்பானது.

திட்டித் தீர்ந்த பிறகு மச்சான் மீதி ரொட்டியைத் தட்டில் வைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"இந்தக் கேஸ்ல ஜெயிச்சா நான் செத்தேன் மாப்பிள்ளை."

கேப்டன் திரும்பிப் பார்த்தார்.

"யாருக்கும் தெரியாம சிமுலேட்டர்ல இடது சீட்டுல உட்கார்ந்து பார்த்தேன். கை வரமாட்டேங்குது. எல்லாம் மாத்தி மாத்தி இருக்கு. இத்தனை வருஷமா வலது பக்கமே உட்கார்ந்து பழகிட்டேன். மூணு தடவை இறக்கினேன், மூணு தடவையும் விழுந்துச்சு. கேப்டன் ஆக எனக்குப் பயமா இருக்கு. ஆனா உங்க அக்கா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. சங்கத்துல என்னை முன்னால நிறுத்திட்டாங்க. இப்ப எப்படிப் பின்வாங்குறது?"

அக்கா என்று அவர் சொன்னது தன் மனைவியை. சிமுலேட்டர் என்பது தரையை விட்டு எழும்பாமலே விமானம் ஓட்டிப் பழகும் எந்திரம். ஒரு வருஷமாகத் தன் பட்டையைப் பிடுங்க வந்த ஆள் என்று நினைத்துக் கேப்டன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாரே, அந்த ஆள் அதே பட்டைக்குப் பயந்து மேல் மாடியில் தூங்காமல் கிடந்திருக்கிறார். கேப்டன், காய்கறித் தட்டையாவது கொடுப்போம் என்று அதைச் சுவரிலிருந்து உருவினார். கூடவே மைக்கும் வந்தது.

ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. அத்தனை விமானங்கள் பறக்கிற வானத்தில் யாரும் மூச்சுவிடவில்லை. பிறகு கட்டுப்பாட்டு அறைக்காரரின் நிதானமான குரல் வந்தது.

"அண்ணன்மாருங்க பேசி முடிச்சாச்சா? அப்படின்னா மத்தவங்க பேசலாம்."

கொஞ்சம் பொறுத்து எங்கிருந்தோ ஒரு குரல், "இங்க நீலம். எனக்கும் இடது சீட்டுன்னா பயம்தான்" என்றது. இன்னொரு விமானத்திலிருந்து, "இங்க சிவப்பு. நான் கேப்டன் ஆகி ரொம்ப நாளாச்சு. இன்னும் பயம்தான்" என்று பதில் வந்தது. மூன்றாவது ஒருவர் தொண்டையைச் செருமுவதற்குள், உயரத்தை மட்டும் சொல்லுங்கள் போதும் என்று கட்டுப்பாட்டு அறைக்காரர் அதட்டிவிட்டார்.

விஷயம் விமானத்தைவிட வேகமாகத் தரைக்குப் போய்விட்டது. மறுநாள் சிவப்புச் சங்கத்தின் வக்கீல் கேப்டனைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். வழக்குப் போட்ட முதல் ஆளே தனக்குப் பதவி வேண்டாம் என்றால் அப்புறம் வழக்கு ஏது? கட்டுப்பாட்டு அறை தன் பதிவுகளை மச்சான் மாப்பிள்ளை சண்டைக்கெல்லாம் தர முடியாது என்று கையை விரித்துவிட்டதாம். கேப்டன் கூண்டேறி, பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டால் போதும், நாலு பட்டையும் ஆயுசுக்கும் பத்திரம் என்றார் வக்கீல்.

கேப்டன் வீட்டுக்கு வந்து, வேலை இல்லாத நாளிலும் சீருடைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார். ஒரே கையை நாலு தடவை தேய்த்தார். சொல்லிவிடலாம் என்றுதான் பாதி மனது சொன்னது. பொய் ஒன்றும் இல்லையே, கேட்டதைத்தானே சொல்லப்போகிறோம். மனைவி கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை.

"என்ன வேணா சொல்லுங்க. திரும்பி வரும்போது மாடிப்படியில எங்க அண்ணன் முகத்தைப் பாக்குற மாதிரி வாங்க, அது போதும்" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் கேப்டனுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

நீதிமன்றத்தில் ஒரு பக்கம் நீலக் காலுறைகள், இன்னொரு பக்கம் சிவப்புக் காலுறைகள். மச்சான் முதல் வரிசையில் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று என்ன பேசினீர்கள் என்று வக்கீல் கேட்டார். சாப்பாட்டைப் பற்றி என்றார் கேப்டன். வேறு என்ன என்றார் வக்கீல், கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டே. கேப்டன் மச்சானைப் பார்த்தார். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு வயித்துல புண்ணு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவர் சாப்பிட வேண்டிய தட்டை நான் எடுத்துக்கிட்டேன். அதுக்கு அப்புறம் அவர் எங்கிட்டச் சொன்னதை, என்னை மாப்பிள்ளையா நினைச்சுச் சொன்னார். அதை நான் இங்க சொல்றதா இல்ல. என் பட்டை போனாலும் பரவாயில்ல."

பரவாயில்லை என்று சொன்னபோது அவர் கை தானாகத் தோளில் இருந்த பட்டையைத் தடவியது. உண்மையில், போனால் அவருக்குத் தாங்காது.

வக்கீல் விடுவதாக இல்லை. அன்று அந்தப் பக்கம் பறந்த மற்ற விமானிகளை வரிசையாகக் கூப்பிட்டார். முதலில் ஏறிய சிவப்புக் கேப்டன், தன் ரேடியோ அன்று கரகரவென்று இருந்தது, ஒன்றும் கேட்கவில்லை என்றார். அடுத்து வந்த நீலக்காரருக்கும் ரேடியோ பழுது. அதற்கடுத்த சிவப்புக்கும் பழுது. ஒரு வருஷமாக ஒரு கெட்டிலைப் பகிர்ந்துகொள்ளாத மனிதர்கள் ஒரே பொய்யைப் பகிர்ந்துகொண்டார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, இத்தனை விமானத்தில் ரேடியோ பழுது என்றால் பொதுமக்கள் நலன் கருதி எல்லா விமானங்களையும் நிறுத்தி வைக்க உத்தரவு போடட்டுமா என்று கேட்டார். இரண்டு பக்க வக்கீல்களும் ஒரே நேரத்தில் எழுந்து வாய்தா கேட்டார்கள்.

வாய்தா முடிவதற்குள் ஓய்வறையில் சமாதானம் ஆகிவிட்டது. இருக்கிற பட்டை யாருக்கும் போகாது. இனி காலியாகும் கேப்டன் சீட்டெல்லாம் சேர்ந்த தேதிப்படி. எல்லோரும் கைகுலுக்கினார்கள். நம் கேப்டனுக்கு நிம்மதியில் காலே தரையில் பாவவில்லை. அப்போதுதான் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த மாதமே ஒரு நீலக் கேப்டன் ஓய்வு பெறுகிறார், சேர்ந்த தேதிப்படி அடுத்த ஆள் மச்சான்.

மச்சான் அன்று சாயங்காலம் கீழே இறங்கி வந்து, கேப்டன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். கேப்டன் ஆவதற்குச் சிமுலேட்டரில் வைக்கும் தேர்வில் பக்கத்து சீட்டில் யாரோ தெரியாத பையன் உட்கார்ந்து தன் கை நடுங்குவதைப் பார்ப்பானே என்பதுதான் அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. மறுநாள் கேப்டன் பயிற்சி அலுவலகத்துக்குப் போய் ஒரு விஷயம் கேட்டார். அங்கே இருந்தவர்கள் இவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். நாலு பட்டைக்காரர் யாரும் வந்து கேட்கிற விஷயம் இல்லை அது.

தேர்வு நாளன்று மச்சான் சிமுலேட்டருக்குள் நுழைந்து, இடது சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பயத்தோடு வலது பக்கம் திரும்பினார். கேப்டன் உட்கார்ந்திருந்தார். மடியில் செக்லிஸ்ட் புத்தகம். ஒரு வருஷமாக எந்த சீட்டில் உட்காரக் கூடாது என்று சண்டை போட்டாரோ அதே சீட்டு. முழங்காலுக்கு இடம் போதவில்லை, கை வைக்கிற இடமெல்லாம் மாறியிருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

"நீங்க எதுக்கு மாப்பிள்ளை இங்க?"

"யாராவது வாசிக்கணும்ல" என்றார் கேப்டன். புத்தகத்தைப் பிரித்து முதல் வரியை வாசித்தார். மச்சான் பதில் சொன்னார். வரி வரியாகப் போனார்கள். மச்சானின் கை நடுங்கியது. கேப்டன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

இறங்கும்போது விமானம் ஒரு தடவை எம்பியது, இன்னொரு தடவை எம்பியது, ஓடுபாதையின் ஓரத்துப் புல்லில் ஒரு சக்கரம் ஏறி, மறுபடி பாதைக்கு வந்து நின்றது. பின்னால் இருந்த தேர்வாளர் பெருமூச்சு விட்டு, இதைப் பாஸ் என்றுதான் சொல்ல வேண்டும், இன்னும் நிறையப் பழக வேண்டும் என்றார். மச்சான் முகத்திலிருந்து வேர்வை சொட்டியது. பக்கத்தில் திரும்பவே பயந்து, நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"புல்லுல ஏத்திட்டேன்ல?"

"இறக்கிட்டீங்கல்ல, கேப்டன்" என்றார் மாப்பிள்ளை.